விசுவாசம் முன்நிபந்தனையா?

பகைநாடுகளுக்கிடையே பரஸ்பர விசுவாசம் முதலில் உண்டாகவேண்டும், அதன் பின்னரே சமாதானப் பேச்சு என்று வாதிக்கும் நண்பர், 1978 செப்டம்பரில் காம்ப் டேவிடில் நடந்ததைச் சற்றே கவனித்திருந்தால், இவ்வளவு நிச்சயமாகப் பேசத் துணிந்திருக்கமாட்டார். 1948 முதல் நான்கு பெரும் யுத்தங்களில் மோதிய எகிப்தும் இஸ்ரேலும் அங்கே கூடியபோது, எகிப்திய ஜனாதிபதி சதாத்துக்கும் இஸ்ரேலியப் பிரதமர் பெகினுக்கும் இடையே விசுவாசம் லவலேசமும் இருக்கவில்லை. முதல் சில நாள்களிலேயே நேர்ப்பேச்சு முறிந்துபோக, அதன்பின் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரே வரைவைக் கையிலெடுத்துக்கொண்டு இருவர் ஜாகைக்கும் மாறி மாறி நடந்து, திருத்தித் திருத்தி எழுதவேண்டியதாயிற்று. கடைசி நாளில், பேச்சு முறிந்துவிடும் என்றிருந்த வேளையில், பெகினுடைய பேரக்குழந்தைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்ட புகைப்படங்களைக் கார்ட்டர் கொடுக்க, அப்பெயர்களைப் படித்த அந்த முதியவரின் கண்கள் கலங்கியதை நினைக்குந்தோறும் என் மனமும் நெகிழ்கிறது. ஆயினும் உடன்படிக்கையைத் தாங்கி நின்றவை ஷரத்துக்களே: சினாய் எகிப்துக்குத் திரும்பும், அங்கே அதன் படைபலம் வரையறுக்கப்படும், அந்நியக் கண்காணிப்பாளர் நிற்பர். அதனாலன்றோ, 1981 அக்டோபரில் சதாத் கொலையுண்ட பின்னரும், 1982 ஏப்ரலில் இஸ்ரேலியப் படை சினாயைவிட்டு வெளியேறிற்று! பாலஸ்தீனர் பிரச்சினை தீராமல் விடப்பட்டது பெருங்குறையே. அவர்களை அழைக்காமலே அவர்கள் தலைவிதியைப் பேசியதன் பலன் அது. நண்பரின் வாதத்துக்கு அதில் எவ்வித ஆதரவுமில்லை.