தோலை உரித்தால் வெள்ளைக்காரனா வருவான்?

நவம்பர் பிறந்தால் தில்லிக்கு ரெண்டு விஷயம் தவறாமல் வந்துவிடும். ஒன்று புகை. இன்னொன்று கல்யாண சீசன். எங்கள் பேட்டை பார்லர் வாசலில் "பிரைடல் பேக்கேஜ்" பேனர் தொங்க ஆரம்பிக்கும். ஃபேஷியல், ப்ளீச், அதுக்கும் மேலே காசு இருந்தால் கெமிக்கல் பீல். பேனரில் ஒரு பெண், முகத்தில் பாதி மாநிறம், மீதிப் பாதி சுண்ணாம்பு அடித்த மாதிரி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தோல் டாக்டர் இல்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு பதினைந்து வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறவன். ஆசிட் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும். அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

என் சித்தி பெண் நொய்டாவில் வேலை பார்த்தாள். கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒரு அத்தை, "எல்லாம் சரி, நிறம் மட்டும் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் போக, இவள் நேராக ஒரு பார்லருக்குப் போனாள். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. என்ன ஆசிட், எத்தனை சதவீதம், அவளுக்கும் தெரியாது, தடவின பெண்ணுக்கும் தெரியாது. மூணாம் நாள் தோல் உரிந்தது. இவள் விரலால் பிய்த்திருக்கிறாள். அதே முகத்தோடு வெயிலில் ஆட்டோவில் அலைந்திருக்கிறாள். ரெண்டு வாரத்தில் ரெண்டு கன்னத்திலும் மேல் உதட்டிலும் திட்டுத்திட்டாகக் கறுப்பு. கும்பகோணத்தில் கல்யாணம், முகத்தில் அரை இஞ்சுக்கு மேக்கப். கறை மறைய எட்டு மாசம் ஆச்சு.

இதில் என்ன நடந்தது என்று பார்ப்போம். நம் தோலின் மேல்பரப்பு செத்துப்போன செல்களின் அடுக்கு. முகத்தில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வருமோ வராதோ. அடியிலிருந்து புது செல் கிளம்பி மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம். மெலனின் தயாரிக்கும் செல்கள் இருப்பது மேலே இல்லை, அந்த அடி வரிசையில். அங்கேயே பொட்டலம் கட்டிப் பக்கத்து செல்களுக்கு சப்ளை ஆகிவிடுகிறது. ஆக, மேலே எத்தனை சுரண்டினாலும் அடுத்து வருகிற செல் அதே கலரோடுதான் வரும். பழனியில் மொட்டை போட்டால் செம்பட்டை முடியா முளைக்கிறது?

பின்னே பீல் பண்ணினதும் பளபளப்பு எப்படி? சொரசொரப்பு போய் பரப்பு சமமானால் வெளிச்சம் ஒழுங்காகத் திரும்புகிறது. கூடவே லேசான வீக்கம், சிவப்பு. அது நிறம் இல்லைங்க, பாலிஷ். (பார்லர் ப்ளீச் இன்னும் தமாஷ். ஹைட்ரஜன் பெராக்சைடு முகத்து ரோமத்தின் கலரைத்தான் வெளுக்கிறது. பூனைமுடி வெள்ளையாகிறது, முகம் வெள்ளையான மாதிரி தெரிகிறது. அதுக்கு ஒரு பில்!)

ஆசிட்களில் பல ஜாதி. கிளைக்காலிக் ஆசிட் செத்த செல்களை ஒட்டி வைத்திருக்கும் பிடியைத் தளர்த்தும். சாலிசிலிக் எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெய் வழியும் துவாரங்களுக்குள் போகும், பருவுக்கு நல்லது. டிசிஏ வேறு ரகம், புரதத்தையே உறைய வைக்கும், தடவின இடம் பனி படிந்த மாதிரி வெளுக்கும். இதையெல்லாம் அழகுக்காகக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். கிளைக்காலிக் குடும்பத்து ஆசிட்களை வான் ஸ்காட், யூ என்ற ரெண்டு பேர் 1974-ல் எழுதியது இக்தியோசிஸ் என்ற, தோல் மீன் செதில் மாதிரி ஆகிற நோய்க்கு.

பாட்டிலில் 30, 50, 70 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிஎச் என்ன என்று தெரிய வேண்டும். கிளைக்காலிக் ஆசிட் பிஎச் 3.8-ல் பாதிதான் ஆசிட்டாக இருக்கும், மீதி உப்பாகிவிடும். பிஎச் இறங்க இறங்க அதே பாட்டில் கடிக்க ஆரம்பிக்கும். எத்தனை நிமிஷம் வைக்கணும், எப்போது சோடா கரைசல் போட்டு நிறுத்தணும் என்பதெல்லாம் அதுக்கப்புறம். லேபில் இதே ஆசிட்டை கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட்டால் எங்கள் வாத்தியார் காதைத் திருகியிருப்பார்.

லேசர் கதையும் இதேதான். கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், அதைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். தோலில் தண்ணீர்தானே நிறைய, அப்படியே ஆவியாகும். முகம் முழுக்க அடித்தால் ரணம் ஆற நாளாகிறது என்றுதான் 2004-ல் ஃப்ராக்ஷனல் முறை வந்தது. ஊசிக்குத்து மாதிரி புள்ளி புள்ளியாக அடித்து, நடுவில் நல்ல தோலை விட்டுவைப்பார்கள்.

ஆனால் நம் மாதிரி தோலுக்கு ஒரு குணம் உண்டு. சூடோ காயமோ பட்டால் அந்த அடி வரிசைச் செல்கள் பதறிப்போய் இன்னும் அதிகமாக மெலனின் கொட்டும். வெள்ளையாக்கப் போய் கறுப்பாவது இப்படித்தான். ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் தோல் வகைகளைப் பிரித்தபோது அது வெள்ளைத் தோலுக்காகத்தான். நம் பழுப்பும் கறுப்பும் பிற்பாடு சேர்த்த வகைகள்.

பருத் தழும்புக்கு, மங்குக்கு டாக்டர் கையால் செய்வதை நான் குறை சொல்லவில்லை. முன்கூட்டியே தோலைத் தயார் செய்து, குறைந்த பலத்தில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, சன்ஸ்கிரீனோடு செய்கிறார்கள். எய்ம்ஸிலும் சஃப்தர்ஜங்கிலும் தோல் ஓபிடி இருக்கிறது. கியூ அனுமார் வால்தான், நிற்கலாம். என் கோபம் இதை நிறமாற்ற வித்தையாக விற்பவர்கள் மேல்.

இதே தில்லியில் ஒருத்தர் 2013-ல் 79 ரூபாய்க்கு ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வாங்கிப் பூசி, சிவக்கவில்லை என்று இமாமி மேல் நுகர்வோர் வழக்குப் போட்டார். 2015-ல் ஒரு தீர்ப்பு, மேலே போய் 2017-ல் திரும்பி வந்து, 2024 டிசம்பரில் மாவட்ட ஆணையம் மறுபடி அந்தக் கம்பெனிக்கு 14.5 லட்சம் தண்டம் போட்டது. நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி எல்லாம் இருந்தால்தான் பலன் தெரியும் என்று கம்பெனி வாதாடியதாம்! அதை டப்பாவில் ஏன் போடவில்லை என்பதுதான் கேள்வி. மேல்முறையீட்டில் எதுவும் ஆகலாம், ஆனால் கேட்கவாவது ஒரு டப்பா இருந்தது. பார்லர் பீலுக்கு டப்பாவும் இல்லை, லேபிளும் இல்லை, பாதி இடத்தில் ரசீதே இல்லை. யார் மேல் வழக்குப் போடுவது? ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனபிறகு பார்லர்காரர்களும் "ஃபேர்" என்ற வார்த்தையை விட்டுவிட்டார்கள். இப்போது எல்லாம் "க்ளோ". பேனரில் மட்டும் அதே சுண்ணாம்பு.

அவர்களை மட்டும் திட்டி என்ன? கறுப்பாக ஒரு ஹீரோ வந்தால் விசிலடிப்போம், மருமகள் மட்டும் "பளிச்"சென்று வேண்டும். சித்தி பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததும் சித்தி போனில் சொன்ன முதல் வாக்கியம், "நல்லவேளைடா, மாப்பிள்ளை கலரு." தாயும் சேயும் நலமா என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

போன வாரம் அந்த பேனர் பார்லருக்குப் போய், என்ன ஆசிட், எத்தனை சதவீதம், பிஎச் என்ன, கறுத்துப்போனால் எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள் என்று நாலு கேள்வி கேட்டேன். அந்தப் பெண் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இம்போர்ட்டட் ஹை, பையா" என்றாள்.