கண்ணுக்குள் ஓர் ஊசி

தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்ப்பார்கள், தலையாட்டி பொம்மை வாங்குவார்கள், பஸ் ஏறிவிடுவார்கள். அரண்மனைக்குள் சரஸ்வதி மஹால் நூலகத்தோடு ஒரு குட்டி மியூசியம் இருப்பது பல பேருக்குத் தெரியாது. போன தீபாவளி லீவில் எங்கள் நெருப்பெரிச்சல் கோஷ்டி வேன் பிடித்துப் போனது. ஓவர்லாக் டெய்லர் இரண்டு பேர், பேட்லாக் ஒருத்தன், செக்கிங் ஒருத்தன், பி.காம். படித்த பாவத்துக்கு எல்லோருடைய வரவு செலவையும் எழுதுகிற நான்.

மியூசியத்தில் ஓரிடத்தில் மட்டும் கூட்டம் நகரவே இல்லை. எட்டிப் பார்த்தால், சீன தேசத்துத் தண்டனைப் படங்கள். குற்றவாளிகளை எப்படியெல்லாம் வதைத்தார்கள் என்று வரிசையாக வரைந்திருக்கிறார்கள்.

"நம்ம மொதலாளி கண்ணுல இது படாம பார்த்துக்கோணும் மாப்ள!" என்றான் பேட்லாக்.

பக்கத்திலேயே மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு பிரெஞ்சு ஓவியர் லெப்ரன் வரைந்த படங்கள். அதில் தங்கள் சூப்பர்வைசரைக் கண்டுபிடித்துவிட்டு நம்மாட்கள் சிரித்த சிரிப்பில் காவலாளி ஓடி வந்தார்.

நிஜமாகவே வயிற்றைக் கலக்குவது தண்டனை அல்ல, வைத்தியம். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னருக்கு வைத்தியத்தில் அபார ஆசை. தன்வந்திரி மஹால் என்று ஒன்று வைத்து, நாட்டு வைத்தியர்களையும் இங்கிலீஷ் வைத்தியத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். கண் நோயாளிகளுக்கு என்ன நோய், என்ன வைத்தியம் என்று குறிப்பு எழுதி, அந்தக் கண்ணையும் படமாக வரைந்து வைத்த ஏடுகள் இந்த நூலகத்தின் சொத்து. ராஜா வீட்டில் கண்ணுக்கு கேஸ் ஷீட்!

அந்தக் காலத்தில் நம் நாட்டில் கண் புரைக்கு நடந்த ஆபரேஷனைக் கேளுங்கள். சுஸ்ருதர் காலத்திலிருந்து வந்த முறை. நோயாளியை உட்கார வைத்து, ஆடாமல் தலையை ஒருத்தர் பிடித்துக்கொள்ள, வைத்தியர் கண்ணின் வெள்ளையில் ஊசியைக் குத்தி, புரை படிந்த லென்ஸை அப்படியே உள்ளே கீழே தள்ளிவிடுவார். எடுப்பதில்லை, தள்ளுவதோடு சரி. திரை விலகியதும் வெளிச்சம் தெரியும். "எத்தனை விரல்?" "ரெண்டு சாமி!" காசு கைமாறும். கட்டுப் போட்டுவிட்டு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கண் சீழ் வைக்கிறபோது அவரை எங்கே தேடுவது?

சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் இருந்த எலியட் என்ற டாக்டர் இப்படிக் குத்துப்பட்ட கண்களைச் சேகரித்து ஆராய்ந்து, 1917-ல் லண்டனில் சொற்பொழிவே நடத்தினார். பிழைத்த கண்களைவிடப் போன கண்கள்தான் அதிகம் என்பது அவர் கணக்கு.

சீமையில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி, 1822-ல் பக்கத்து சர்ச்சின் பரண் மேல் ஓர் ஆபரேஷன் தியேட்டர் கட்டியது. பெயருக்கு ஏற்ற மாதிரி தியேட்டரேதான். சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்க்கப் படிப்படியாக கேலரி, நடுவில் மர மேஜை, ரத்தம் ஒழுகினால் உறிஞ்ச மரத்தூள். 1862-ல் மூடி, மறந்தே போய், 1956-ல் கண்டுபிடித்தார்கள். இப்போது அதுவும் ஒரு குட்டி மியூசியம். குறுகலான சுற்றுப்படி ஏறிப் போய்ப் பார்க்கலாம்.

மயக்க மருந்து? ஈதர் கொடுத்து ஊரறிய ஆபரேஷன் செய்தது 1846-ல், அமெரிக்காவின் பாஸ்டனில். கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து வந்தது 1884-ல். ஈதருக்கு முன்னால் மேஜையில் படுத்தவர்கள் பெரும்பாலும் முழு நினைவோடு படுத்தவர்கள். சீனப் படத்துக் குற்றவாளியும் அலறினான், இவர்களும் அலறினார்கள். ஒரே வித்தியாசம், இவர்கள் தாங்களாகவே நடந்து வந்தார்கள். பார்வை வேண்டும் என்ற ஆசை அப்படி.

வேடிக்கையைப் பாருங்கள். அதே செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில்தான் 1949-ல் ஹெரால்ட் ரிட்லி என்பவர் முதன்முதலாக மனிதக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். யுத்தத்தில் விமானிகளின் கண்ணில் தெறித்து ஏறிய பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைக் கெடுக்காமல் சும்மா இருந்ததைக் கவனித்தவர் அவர். மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார் டாக்டர் வெங்கடசாமி. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன நிலையில் ஆபரேஷன் செய்தவர். 1992-லிருந்து லென்ஸையும் மதுரையிலேயே தயாரித்து, விலையைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவும் ஆகி, இன்னமும் எங்கள் வீதியில் ஓர் ஆத்தா. இரண்டு கண்ணிலும் பொரை. பையன் மூன்று முறை கண் முகாமுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. "எங்க அப்பாரு கண்ணுல ஊசி வுட்டு, கண்ணே போச்சு சாமி. எனக்கு இந்த மசமசப்பே போதும்" என்பதுதான் பதில். ஊரெல்லாம் இதை அறியாமை என்றது. அறியாமை இல்லை சார், அது ஞாபகம். அந்த வீட்டு கேஸ் ஷீட்.

அதனால் அதட்டாமல் உட்கார்ந்து எடுத்துச் சொன்னோம். இப்போது லென்ஸைத் தள்ளுவதில்லை, எடுத்துவிட்டுப் புதுசு வைக்கிறார்கள்; மரத்துப்போக மருந்து கொடுத்துவிட்டுத்தான் கத்தியையே எடுப்பார்கள் என்று. நாலாவது முகாமுக்கு ஆத்தா தானே சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

உங்கள் வீட்டிலும் "மசமசப்பே போதும்" என்று ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மேட்னியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். என்ன பயம் என்று முதலில் கேளுங்கள். ஆத்தா இப்போது பையனுக்கு பட்டன் தைத்துக் கொடுக்கிறது. நூல் கோத்துத் தர யாரையும் கூப்பிடுவதில்லை.