கொடி பிடிக்கப் போகிறவர்களுக்கு

தொண்டர் என்றால் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். மகாநாட்டுப் பந்தலில் கூட்டத்தை ஒழுங்கு செய்கிறவர், திருவிழாவில் தண்ணீர் வழங்குகிறவர், வெள்ளம் வந்தால் படகில் ஏறுகிறவர் - இவர்களையெல்லாம் தமிழ்நாடு நெடுங்காலமாக அறியும். மோட்டார்ப் பந்தயத்துக்கும் தொண்டர்கள் வேண்டும் என்பதுதான் பலருக்குப் புதிய சமாசாரம். அவர்களை 'மார்ஷல்' என்கிறார்கள். சேனாதிபதிகளுக்குரிய பட்டம், ஆனால் கையில் கிடைப்பதோ ஒரு கொடியும், சில சமயம் ஒரு துடைப்பமுந்தான்!

தியாகராய நகரில் ஒரு கல்லூரி மாணவர் இந்தத் தொண்டில் சேர ஆயத்தமாகி வருகிறார். அவருடைய தாயாருக்கு அதில் சம்மதமில்லை. "வண்டி ஓட்டுகிறவனாவது தலைக்குக் கவசம் போட்டுக்கொண்டு இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான். நீ கொடியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கப் போகிறாயா?" என்பது அந்த அம்மாளின் கேள்வி. சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல இது.

சென்னைக்கு இந்த விளையாட்டு நேற்று வந்ததல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ம் ஆண்டில் தோன்றியது. இரண்டாவது உலக யுத்த காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில், ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள சொந்தப் பாதை ஏற்பட்டது. 2024 ஆகஸ்டு கடைசியில் தீவுத்திடலைச் சுற்றியே இரவுப் பந்தயம் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாம்பலத்துவாசிகளுக்கு அது கூப்பிடு தூரம்.

பந்தயப் பாதையின் ஓரத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும்படி, காவல் நிலைகள் அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் சில தொண்டர்கள். அவர்கள் காட்டும் கொடிதான் ஓட்டுகிறவனுக்குப் பாஷை. மஞ்சள் அசைந்தால் முன்னே அபாயம். வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. பச்சை, அபாயம் நீங்கிற்று. நீலம், பின்னால் விரைவான வண்டி வருகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள், பாதை வழுக்குகிறது. சிவப்பு வந்துவிட்டால் பந்தயம் நிறுத்தப்பட்டது என்று பொருள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூட ஒரு மாலையில் இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். கஷ்டம் அதில் இல்லை.

நிற்கும் விதத்தில் இருக்கிறது கஷ்டம். மஞ்சள் கொடிக்காரர் தமக்கு முன்னுள்ள பாதையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனவே வரும் வண்டிகளுக்கு அவர் முதுகு காட்டியே நிற்கிறார். அவருடைய முதுகுக்குக் காவல், வண்டிகளை எதிர்நோக்கி நிற்கும் நீலக் கொடிக்காரரின் கண்கள். பந்தயத்தில் யார் முதல், யார் இரண்டாவது என்று அந்தக் கண்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கினால், மற்றவர் கதி என்ன? பந்தயம் பார்க்க ஆசைப்படுகிறவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதே நல்லது.

உஸ்மான் சாலையை நாம் எப்படிக் கடக்கிறோம்? கையை உயர்த்துகிறோம், டிரைவரின் முகத்தை ஒரு பார்வை பார்க்கிறோம், அவர் நம்மை மனத்துக்குள் சபித்துக்கொண்டே வண்டியை நிறுத்துகிறார். தியாகராய நகரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. பந்தயப் பாதைக்குப் போகுமுன் முதலில் மறக்க வேண்டிய கலையும் இதுதான். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 55 மீட்டர் கடக்கிறது. பாதையின் குறுக்கே ஓட மூன்று விநாடி பிடிக்குமானால், புறப்படும்போது 160 மீட்டருக்கு அப்பால், கண்ணுக்கே தெரியாத வளைவில் இருந்த வண்டி நம்மீது வந்துவிடும்.

1977 மார்ச் 5-ந் தேதி தென்னாப்பிரிக்காவில், கயலாமி என்ற இடத்தில் இது நடந்தது. ஒரு வண்டி பாதையோரம் நின்று அதில் சிறு தீ கண்டது. எதிர்ப்புறத்திலிருந்து இரண்டு தொண்டர்கள், உத்தரவுக்குக் காத்திராமல், குறுக்கே ஓடினார்கள். முன்னே போனவர் மயிரிழையில் தப்பினார். பின்னே தீயணைப்புக் கருவியைச் சுமந்து ஓடிய ஜான்சன் வான் வூரன் என்பவருக்கு வயது 19. மேட்டைத் தாண்டி வந்த டாம் பிரைஸின் வண்டி அவர்மேல் மோதியது. கருவி பிரைஸின் தலையில் தாக்கியது. இருவரும் அங்கேயே மாண்டார்கள். தீப்பற்றிய வண்டியை ஓட்டியவரோ பிழைத்துக்கொண்டார்.

அப்படியானால் அசையாமல் நின்றுவிடலாமா? அதற்கும் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1973 ஜூலை 29-ந் தேதி ஹாலந்தில், ஜாண்ட்வோர்ட்டில், ரோஜர் வில்லியம்ஸன் கவிழ்ந்து எரிகிற வண்டிக்கடியில் சிக்கினார். சக பந்தயக்காரரான டேவிட் பர்லி தம் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, ஒற்றை ஆளாக அதைப் புரட்டப் பார்த்தார். அருகில் நின்ற தொண்டர்களுக்குத் தீயைத் தாங்கும் உடையில்லை. போதிய கருவியும் பயிற்சியும் இல்லை. வில்லியம்ஸன் இறந்தார். அந்தத் தொண்டர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தயார் செய்யாமல் அவர்களை அங்கே நிறுத்தியவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே நமது மாணவர் கற்றுக்கொள்ள வேண்டியவை கொடிகளின் நிறங்கள் மட்டுமல்ல. காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்றே தீயை அணுக வேண்டும். நிலையின் தலைவர் சொல்லாமல் தடுப்பைத் தாண்டக் கூடாது. வண்டி கவிழ்ந்தாலும், தீயில்லையென்றால், உள்ளே இருப்பவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் நாமே அவருக்கு யமனாகிவிடுவோம். வைத்தியர் வரும்வரை பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பதே உதவி. விபத்து எப்போதும் அயல்நாட்டில்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். 2023 ஜனவரி 8-ந் தேதி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்திலேயே, அனுபவம் மிகுந்த கே. இ. குமார் தமது 59-வது வயதில் உயிரிழந்தார்.

உடை விஷயத்தில் தாயாரே உதவலாம். முழுக்கை வைத்த பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை. நைலான் வகையறா தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மஞ்சளும் சிவப்பும் கூடவே கூடாது - தூரத்திலிருந்து கொடியென்று நினைத்து எவனாவது வண்டியை நிறுத்திவிடப் போகிறான்! செருப்பு உதவாது, தோல் பூட்ஸ் வேண்டும். காதில் அடைக்கப் பஞ்சு, தலைக்குத் தொப்பி, இரண்டு பெரிய புட்டி தண்ணீர், தயிர்சாதம். முதல் நாள் இரவு நல்ல தூக்கம்.

அந்த அம்மாளின் அச்சம் நியாயமானது. ஆனால் பையனுக்கு அங்கே போதிக்கப்படுவதும் அநேகமாக அந்த அச்சத்தைத்தான். இருபது வயதில் ஓடத் துடிக்கும் கால்களை, உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கும் வித்தை அது. அந்த வித்தையை வீட்டில் கற்றுக்கொடுக்க முடிகிறதா என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

பந்தயம் முடிந்ததும் வண்டிகள் மெதுவாக இன்னொரு சுற்று வரும். அப்போது ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு காவல் நிலையையும் நோக்கிக் கையை உயர்த்திவிட்டுப் போவது வழக்கம். தொண்டர்களும் கொடிகளை அசைப்பார்கள். அதன் பிறகு, பாதையில் சிந்திய எண்ணெயின் மேல் சிமெண்டுப் பொடியைத் தூவிப் பெருக்கும் வேலை பாக்கி இருக்கிறது.