ஐஸ் கச்சாங் மூணு வெள்ளியா? நாலு வெள்ளி வாங்கட்டுமே!

சிங்கப்பூர்ல பொட்டி தட்ட வந்த நம்ம மக்கள்ல பாதிப் பேருக்கு இந்த ஊரோட வரைபடம் ரொம்பச் சின்னது. வீடு, ஆபீஸ், சனி ஞாயிறு ஆனா தேக்கா. அவ்ளோதான். வீட்டுக்குக் கீழயே உணவங்காடி நிலையம் இருக்கும், அதுக்குள்ள நுழையத்தான் தயக்கம். எதுல என்ன கறி கெடக்குமோன்னு பயம். அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. என் ரூம்மேட்டுங்க ரெண்டு பேர் சுத்த சைவம், அங்காடிப் பக்கம் போனா தே வாங்கிட்டு ஓடி வந்துடுவாங்க. அவங்களுக்கும் அவங்கள மாதிரி ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. பெரிசா பயப்படாம போய் நிக்கக்கூடிய கடை ஒண்ணு அங்க இருக்கு சாமி. இனிப்புக் கடை.

எங்க புளோக்குக்கு எதிர்த்தாப்புல இருக்குற அங்காடியில ஒரு சீன ஆண்ட்டியும் அவங்க வீட்டுக்காரரும் நடத்துறாங்க. பேர்ப் பலகையில முப்பது படம் இருக்கும். பாதி சீன வகை, பாதி மலாய், பெரனாக்கான்னு இந்த மண்ணோட வகை. சுடச்சுட ஒரு வரிசை, ஜில்லுன்னு ஒரு வரிசை. நடுவுல ஐஸ் சீவுற மெஷின் கர்ர்ருனு ஓடிக்கிட்டே இருக்கும்.

ஐஸ் கச்சாங் தெரியாதவங்களுக்கு: கிண்ணத்தோட அடியில வேகவெச்ச சிவப்புப் பயறு, அத்தாப் சீ, ஜெல்லித் துண்டு. அது மேல சீவுன ஐஸை மலை மாதிரி குவிப்பாங்க. அப்புறம் செவப்பு, பச்சைன்னு கலர் பாகு, தென்னை வெல்லப் பாகு, உச்சியில ஒரு கரண்டி மக்காச்சோளக் கூழ். சோளமான்னு மூஞ்சிய சுளிக்காதீங்க, சாப்ட்டுப் பாத்துட்டுப் பேசுங்க. கச்சாங்னா மலாய்ல பயறு, கடலை. மலேசியாவுல இதையே ஏபிசிம்பாங்க, ஆயர் பத்து சம்பூர். ஆயர் பத்துன்னா வார்த்தைக்கு வார்த்தை தண்ணிக்கல்லு, அதாவது ஐஸ். என்ன அழகான பேரு! 1950, 60கள்ல கிண்ணம் கரண்டியெல்லாம் கெடையாதாம். சீவுன ஐஸை கையால உருண்டை பிடிச்சு, கலர் பாகு ஊத்தி அப்படியே கையில குடுத்துடுவாங்க. ஐஸ் பால்னு பேரு. நம்ம ஊர்த் திருவிழாவுல குச்சியில அமுக்கித் தருவாங்களே, அதோட ஒண்ணு விட்ட தம்பி.

ஆனா ஐஸ் கச்சாங்க விட அந்தப் பேர்ப் பலகையத்தான் நான் ரொம்ப ரசிப்பேன். ஒவ்வொரு படமா பாத்தா நம்ம அடுப்படி தெரியும். தாவ் சுவான்னு ஒண்ணு. தோல் நீக்குன பாசிப்பருப்பை முழிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி வேகவெச்சு, சர்க்கரை போட்டு, மாவு கரைச்சு கொழகொழன்னு ஆக்கி, மேல எண்ணெய்ல பொரிச்ச ரொட்டியக் கிள்ளிப் போடுவாங்க. தேங்காப்பாலும் ஏலக்காயும் சேத்தா நம்ம பாசிப்பருப்புப் பாயசமேதான். புலுட் ஹித்தாம்னு ஒண்ணு. கறுப்பா, பசை பசையா, மேல வெள்ளையா தேங்காப்பால். செட்டிநாட்டுக் கல்யாண வீட்டுல கவுனி அரிசி சாப்ட்டவனுக்கு இதை அறிமுகமே பண்ண வேணாம். அந்த அரிசியே செட்டியார்கள் பர்மாவுலேர்ந்து கொண்டு வந்ததுன்னுதான் சொல்வாங்க. அத்தாப் சீங்கிறது நீப்பா பனையோட காய், நுங்கு கொஞ்சம் முத்திப் போனா எப்படியோ அப்படி. ஜெல்லி நம்ம பாய் வீட்டு நோன்புக் கடல்பாசி.

ஜவ்வரிசி கதை இன்னும் ஜோரு. இங்க சைனாடவுன்ல சேகோ ஸ்ட்ரீட்னு ஒரு தெருவே இருக்கு, ஒரு காலத்துல ஜவ்வரிசி ஆலைங்க இருந்ததால வந்த பேரு. இந்தப் பக்கத்துலேர்ந்துதான் நம்ம ஊருக்கு சரக்கு போயிட்டிருந்தது. இரண்டாம் உலகப்போர்ல வரத்து நின்னப்புறம்தான் சேலத்துக்காரங்க மரவள்ளிக்கிழங்குல பண்ண ஆரம்பிச்சாங்க.

சீன வகையில எனக்குப் பிடிச்சது செங் தெங். லாங்கான் பழம், பார்லி, வெள்ளைக் காளான், தாமரை விதை எல்லாம் போட்ட தெளிஞ்ச இனிப்புத் தண்ணி. அதுல ஒரு காயை ஊறப்போட்டா பூ மாதிரி விரிஞ்சு கொழகொழன்னு ஆயிடும். முதல் தடவை பாத்த மதுரைக்கார நண்பன் "டேய், ஜிகர்தண்டாவுல போடற பாதாம் பிசின்டா இது"ன்னான். அது வேற, இது வேற. ஆனா நாக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதனால செண்டோல் யாரோடதுன்னு சண்டை வந்தப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. 2018ல சிஎன்என் உலகத்துல சிறந்த 50 இனிப்புன்னு பட்டியல் போட்டு, செண்டோலை சிங்கப்பூர்க் கணக்குல எழுதிடுச்சு. மலேசியாக்காரங்க பொங்கி எழுந்துட்டாங்க. நடுவுல ஜாவாக்காரன் கமுக்கமா குடிச்சுக்கிட்டிருக்கான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் நம்ம கடையில ஐஸ் கச்சாங் 2.70லேர்ந்து 3 வெள்ளி ஆச்சு. வரிசையில எனக்கு முன்னாடி நின்ன நம்மாளு ஒருத்தர், நல்லா சட்டை இன் பண்ணி ஆபீஸ் அட்டை தொங்கவிட்டவர், போன்ல யார்கிட்டயோ "வெறும் ஐஸுக்கு மூணு வெள்ளி பிடுங்குறாங்கப்பா"ன்னு புலம்பிட்டிருந்தார். இன்னொரு கையில பபிள் டீ. அது அஞ்சு வெள்ளிக்குக் கொறையாது. மால்ல கொரியன் பிங்சு பத்து வெள்ளிக்கு மேல. அதுவும் சீவுன ஐஸ்தான்யா! அங்க போய் யாராவது முணுமுணுக்கிறமா?

வெறும் ஐஸாம். அத்தாப் சீயும் சோளமும் டப்பாவுல வர்றதுதான், ஒத்துக்கறேன். ஆனா பயறை ராத்திரியே ஊறப்போடணும். உடையவும் கூடாது, பல்லுலயும் படக்கூடாது, அந்தப் பக்குவத்துக்கு மணிக்கணக்கா அடுப்புகிட்ட நிக்கணும். வெல்லத்தைப் பாண்டான் எல போட்டுக் காய்ச்சணும். தேங்காப்பால் இந்த ஊர் வெக்கைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்காது, மிச்சம் இருந்தா கொட்ட வேண்டியதுதான். நவம்பர் டிசம்பர்ல மழை பிடிச்சுதுன்னா ஐஸ் பக்கம் ஒரு ஈ வராது. முப்பது படத்துக்கும் தினமும் சாமான் தயாரா இருக்கணும், எது ஓடும்னு தெரியாமலே. இதை ரெண்டு பேர் பண்றாங்க. என் டீம்ல இந்த வேலைய ஆறு பேருக்குப் பிரிச்சுக் குடுத்து மேல ஒரு மேனேஜரையும் வெப்பாங்க.

2020 டிசம்பர்ல சிங்கப்பூரோட அங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ மரபுப் பட்டியல்ல ஏறுச்சு. ஆளாளுக்கு வாழ்த்துச் சொன்னாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அங்காடிக்காரங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் 60 வயசை ஒட்டினவங்க, இல்ல தாண்டினவங்க. 70, 80கள்ல தெருவோரத்துலேர்ந்து கட்டடத்துக்குள்ள கொண்டு வந்தாங்களே, அந்தத் தலைமுறைக்கு வாடகை சகாயம். புதுசா வர்றவன் டெண்டர் போட்டுத்தான் கடை பிடிக்கணும். அவன் 2.70க்கு ஐஸ் கச்சாங் வித்தா எப்படிக் கட்டும்? அவன் புத்திசாலியா இருந்தா பபிள் டீ கடை வெச்சுட்டுப் போவான். வெக்கிறான்.

எதிர்வாதம் ஒண்ணு வரும்னு தெரியும். அங்காடிச் சாப்பாடுங்கறது விலைவாசியில அடிபடறவங்களுக்கான கடைசி இடம், அங்கயும் ஏத்தச் சொல்றியே, உனக்கென்ன சம்பளம் வருதுன்னு கேப்பீங்க. சோறு, நூடுல்ஸ் விஷயத்துல நான் உங்க கட்சி. டாக்ஸி ஓட்டுற அங்கிள் மத்தியானச் சாப்பாடு சல்லிசாத்தான் இருக்கணும், அதுக்கு அரசாங்கம் வாடகையில கைகுடுக்கட்டும். ஆனா ஐஸ் கச்சாங் வயித்துப் பசிக்கு இல்ல, நாக்குக்கு. தாவ் சுவானை அப்படியே விட்டுடலாம். காலையில பல்லு போன பாட்டிங்க அதைத்தான் பசிக்குச் சாப்புடறாங்க, நானே பாக்குறேன். ஐஸ் மலை கேக்குற என்னை மாதிரி ஆளுகிட்ட நாலு வெள்ளி வாங்கினா எந்த சாமியும் கண்ணைக் குத்தாது.

இதையே ஆண்ட்டிகிட்ட எனக்குத் தெரிஞ்ச சிங்லீஷ்ல சொன்னேன். "ஃபோர் டாலர் ஆ? நோபடி பை லா"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் ஐஸை சீவிக்கிட்டே, அவங்க பையனும் என்னை மாதிரி கம்ப்யூட்டர் வேலைதான்னாங்க. கடைய எடுத்து நடத்த வருவாரான்னு கேட்டேன். "வை ஷுட் ஹீ?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. வருத்தமா சொன்ன மாதிரியே இல்ல. பையனைப் படிக்க வெச்சதே அந்தக் கரண்டியைப் பிடிக்கக் கூடாதுன்னுதானே. எங்க அப்பா என்னை இன்ஜினியரிங் சேத்தப்ப வயலைப் பத்தி இதேதான் சொன்னார், தமிழ்ல. அதனால "இளைஞர்கள் முன்வர வேண்டும்"னு எழுதறதுக்கு எனக்கு வாய் வரல. நான் முன்வரலையே. குடுக்க வேண்டிய காசைக் குடுக்கலாம், அது மட்டும் என் கையில இருக்கு.

சிங்கப்பூர்ல இருக்குற பதிவர்கள் அவங்கவங்க புளோக் பக்கத்துக் கடையைப் பத்தி பின்னூட்டத்துல போடுங்க, விலையோட. ஒரு சுத்து சுத்திடலாம்.

டிஸ்கி: சைவ மக்கள் கவனத்துக்கு, யாம் பேஸ்ட் மட்டும் கேட்டுட்டு வாங்குங்க. ஓர் நீன்னு சொல்வாங்க. பழைய முறையில அதுக்குப் பன்றிக் கொழுப்புதான் ஊத்துவாங்க, இப்ப சில கடையில எண்ணெய்ல பண்றாங்க. "ஆண்ட்டி, காட் லார்ட் ஆ?"ன்னு கேட்டா உள்ளதைச் சொல்லிடுவாங்க.