பிரேக்கை மாற்றும் முன் பாரத்தைப் பாருங்கள்

கோத்தகிரி பக்கத்திலிருந்து கேரட் விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிக்கப் வண்டியில் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறோம். போன மாதம் பாதி மலை இறங்கும்போது பிரேக் பெடல் அடிவரை போய்விட்டது. மகன்தான் ஓட்டினான். மேட்டோரம் ஒரசி நிறுத்தி, உயிர் தப்பினான். பெரிய பிரேக்காக மாற்றிவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். இன்னொரு மெக்கானிக், அதெல்லாம் வேண்டாம், முதலில் லோடைக் குறையுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?"

இரண்டாமவர் சொல்வதுதான் சரி. ஆனால் லோடைக் குறைத்தால் மட்டும் போதாது. பழைய பிரேக்கை அதன் முழு பலத்துக்குக் கொண்டுவரும் வேலையும் இருக்கிறது. மலைக் காய்கறி ஏற்றும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

அன்று நடந்தது என்ன?

அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வெறும் வண்டி எடை 1,700 கிலோ, பாரத்தோடு மொத்த எடை 3,200 கிலோ என்று இருக்கிறது. ஓட்டுபவரும் துணைக்குப் போகிறவரும் சேர்ந்து 140 கிலோ என்றால், மீதி 1,360 கிலோவுக்குத்தான் இடம். 60 கிலோ மூட்டையில் கணக்கிட்டால் 22 மூட்டை. அன்று ஏற்றியிருந்தது 40 மூட்டை. ஆக, 3,200 கிலோவைத் தாங்க வேண்டிய வண்டி 4,200 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு இறங்கியிருக்கிறது.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். சுமார் 33 கிலோமீட்டரில் 1,450 மீட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும். உயரத்திலிருந்து இறங்கும் எடைக்கு ஒரு சக்தி உண்டு. வேகம் கூடாமல் இறக்க வேண்டுமானால் அந்தச் சக்தி முழுவதையும் எங்காவது வெப்பமாக மாற்றித்தான் ஆக வேண்டும். 3,200 கிலோ வண்டி இவ்வளவு உயரம் இறங்கும்போது உண்டாகும் வெப்பம், சுமார் 145 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 4,200 கிலோ என்றால் 190 லிட்டர். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் வந்தால் என்ஜின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் முன்னால் இரண்டு டிஸ்க், பின்னால் இரண்டு டிரம், இந்த நாலு இரும்பில்தான் இறங்கும்.

அன்று பையன் மூன்றாவது கியரில் வந்திருக்கிறான். 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பது மலைப்பாதை ஓட்டுநர்கள் வழிவழியாகச் சொல்வது. அதைத்தான் அவனும் செய்தான். ஆனால் காய்கறி வண்டி காலியாக மலை ஏறுகிறது, பாரத்தோடு இறங்குகிறது. காலி வண்டி ஏறிய கியர், 40 மூட்டையோடு இறங்க உதவாது. அதே பாரத்தோடு அந்த மேட்டில் ஏறச் சொன்னால் வண்டி எந்தக் கியரைக் கேட்கும்? அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். பெரும்பாலும் அது இரண்டாவது. செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவது.

பெடல் ஏன் அடிவரை போனது?

பெடலை மிதித்தால் பிரேக் ஆயில்தான் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் கல் மாதிரி நிற்கிறது. ஆனால் அது கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும். மிதிக்கிற மிதியெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி இறங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணம் உடையது. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 ஆயிலுக்குப் புதிதில் 230, ஈரம் ஏறியபின் 155. அந்த வண்டியில் ஆயில் மாற்றி நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. குறையும்போது மேலே ஊற்றி நிரப்பியதோடு சரி.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. வண்டி ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் பழையபடி ஆகிவிடும். மறுநாள் பட்டறையில் மிதித்துப் பார்த்தால் குறை தெரியாது. 'ஒன்றுமில்லை, பையன் பயந்துவிட்டான்' என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாதி மலையில் பெடல் இறங்கியது என்று யார் சொன்னாலும் அதை நம்பி, ஆயிலை மாற்றாமல் மறுபடி மலை இறங்கக் கூடாது.

கூடுதல் பட்டை செய்த வேலை

இந்த விவசாயி வண்டியை இரண்டாவது மெக்கானிக்கிடம் காட்டியபோது, அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி பிரேக்கைப் பற்றியது அல்ல.

"ஏனுங்ணா, பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்திருக்கீங்களே, எப்பப் போட்டீங்க?"

"ரெண்டு வருசம் ஆச்சுங்க. லோடு ஏத்தினா ரொம்ப உக்காந்துச்சு."

"அப்ப இந்த வால்வைச் சரிபண்ணி வெச்சாங்களா?"

"எந்த வால்வுங்க?"

பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு கோத்த வால்வு இருக்கும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். பாரம் ஏறி வண்டி உட்கார உட்கார, பின் சக்கர பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடுவது அதன் வேலை. வண்டி காலியாக நிமிர்ந்து நின்றால் அழுத்தத்தைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் மழையில் பின் சக்கரம் இறுகி வண்டி சறுக்கும்.

கூடுதல் பட்டை போட்டால் 40 மூட்டை ஏற்றினாலும் வண்டி அவ்வளவாக உட்காராது. வால்வு 'வண்டியில் பாரம் குறைவு' என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதிக பாரம் ஏற்றுவதற்காகச் செய்த வேலை, பாரம் ஏற்றிய நேரத்தில் பின் பிரேக்கைப் பறித்துக்கொள்கிறது. முழுப் பளுவும் முன் டிஸ்க்கில் விழுந்து, அங்கேதான் ஆயில் கொதித்திருக்கிறது.

பட்டையைக் கழற்றி கம்பெனி அளவுக்கே கொண்டுவருவதுதான் நல்லது. கழற்றியபிறகும் அந்த வால்வை வண்டிக் கம்பெனி சொல்லும் அளவில் வைத்துத் தரச் சொல்ல வேண்டும். கண் மதிப்பில் திருப்பி வைக்கும் வேலை அல்ல அது.

பெரிய பிரேக் மாற்றலாமா?

வேறு வண்டியின் டிஸ்க், காலிப்பரை வெல்டிங் செய்து பொருத்துவதும், அளவு தெரியாமல் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதும் ஆபத்து. முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் உள்ள சமநிலை கெட்டுவிடும். மேலும், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் அலைய நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய பிரேக் போட்டால் இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம் என்ற எண்ணம் வந்துவிடும். சேஸிஸ், அச்சு, டயர் எதுவும் அந்தப் பத்து மூட்டைக்காகச் செய்ததல்ல.

செலவு செய்ய வேண்டிய இடங்கள் வேறு:

1. பழைய ஆயில் முழுவதையும் நாலு சக்கரத்திலும் வெளியேற்றி, புது ஆயில் ஊற்றி, காற்று எடுக்க வேண்டும். வண்டிப் புத்தகம் அனுமதித்தால் டாட் 3-க்குப் பதில் டாட் 4 போடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மலை ஓட்டத்துக்கு வருடம் ஒருமுறை மாற்றினாலும் நஷ்டமில்லை. சீல் திறந்து நாளான டப்பாவில் மிச்சமிருக்கும் ஆயிலை ஊற்றக் கூடாது.

2. முன் பேடு, பின் ஷூ இரண்டையும் கம்பெனி தரத்தில் வாங்கி, வலது இடது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். மலிவு லைனிங் சூட்டில் வழுக்கும்.

3. டிஸ்க்கின் குறைந்தபட்ச கனமும் டிரம்மின் அதிகபட்ச விட்டமும் அவற்றிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்தும் கடைந்தும் அந்த அளவைத் தாண்டியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கனம் குறைந்த இரும்பு சீக்கிரம் சூடேறும்.

4. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்போ உப்பலோ இருந்தால் மாற்ற வேண்டும். பின் சக்கர சிலிண்டரில் கசிவு இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

22 மூட்டையில் கட்டுபடி ஆகுமா?

விவசாயியின் மனதிலுள்ள உண்மையான கேள்வி இதுதான். 40 மூட்டையை 20, 20 ஆக இரண்டு நடையில் கொண்டுபோனால் கூடுதலாக ஆகும் ஓட்டம் 66 கிலோமீட்டர். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்றால் ஆறு லிட்டர் டீசல், அரை நாள் நேரம். மறுபக்கம், அதிக பாரத்தோடு பிடிபட்டால் 2019-ல் திருத்திய சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் மூட்டையை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். இதோடு சீக்கிரம் தேயும் டயர், பேடு, வளையும் அச்சு ஆகியவற்றையும் எழுதிப் பார்த்தால், ஆறு லிட்டர் டீசல் பெரிதல்ல.

அரை நாளைச் செலவிட முடியாதவர்கள் அறுவடையை இரண்டு நாளாகப் பிரிக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, அந்தப் பாரத்துக்கென்றே அமைந்த லாரியை வாடகைக்குப் பேசலாம். இந்த விவசாயியின் வீட்டில் மகனை இனி மலை இறங்க விடமாட்டேன் என்று தாய் அழுதிருக்கிறார். இருபது மூட்டை, இரண்டாவது கியர், புது ஆயில் என்று மூன்றையும் சரிசெய்தபிறகு அந்தத் தாயிடம் தைரியமாகப் பேசலாம்.

இறங்கும்போது

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வேகம் பிடித்தபிறகு அல்ல. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வரக் கூடாது. வேகம் கூடும்போது அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் முழுவதும் விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். 30 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்கினால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சூடு முக்கால் பங்குக்கு மேல் கூடும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் என்ஜினை அணைப்பதும் கூடவே கூடாது. என்ஜின் ஓடினால்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். அணைந்தபிறகு இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும்.

கருகல் வாடை வந்தாலோ பெடல் வழக்கத்தைவிட இறங்கினாலோ, அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி நன்றாக ஆறவிட வேண்டும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கல் வைத்திருந்தால் கிளம்பும்போது அதை ரோட்டைவிட்டு எடுத்துப் போட வேண்டும். பின்னால் இருசக்கர வண்டியில் வருகிறவருக்கு அதுவே எமன்.

ஓடும்போதே பெடல் இறங்கிவிட்டால் வேகவேகமாகப் பலமுறை மிதித்து, ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். ஹாரனும் விளக்கும் போட்டபடி, பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டுப் பக்கம் ஒரசி நிறுத்த வேண்டும். இந்தப் பையன் செய்ததும் இதுதான்.

வாசகர்களின் பிற கேள்விகள்

*சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றலாமா?*

கூடாது. பழுக்கச் சூடான வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்தால் வெடிப்பு விடும், டிஸ்க் கோணும். தானாக ஆறுவதுதான் நல்லது.

*டாட் 5 ஆயில் இன்னும் சூடு தாங்குமாமே, அதை ஊற்றலாமா?*

டாட் 5 சிலிக்கானில் செய்தது. டாட் 3, டாட் 4 ஆயில்களோடு சேராது. அவற்றுக்காகச் செய்த வண்டியில் ஊற்றக் கூடாது.

*பெரிய டயர் போட்டால் பாரம் தாங்கும் என்கிறார்களே?*

டயர் உயரமானால் அதை நிறுத்த பிரேக்குக்கு அதிக பலம் வேண்டும். அதே பிரேக் முன்பைவிடக் குறைவாகப் பிடிக்கும். கம்பெனி சொன்ன அளவே போதும். காற்று மட்டும் பாரத்துக்கு ஏற்றபடி இருக்கட்டும்.

*டிராக்டர் டிரெய்லருக்கும் இது பொருந்துமா?*

இன்னும் அதிகமாகவே பொருந்தும். டிரெய்லரில் தனி பிரேக் இல்லை என்றால், பின்னால் வரும் டன் கணக்கான பாரம் டிராக்டரைத் தள்ளும். இறக்கத்தில் தாழ்ந்த கியர்தான் துணை. டிராக்டரின் இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் இணைத்தபிறகே ரோட்டில் ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி குடைசாயும்.