ஜூன்ல போட்டுருவோம் சார்!

வெயில் வந்தால் மாம்பழம் வரும்; கூடவே பள்ளிக்கூட விளம்பரமும் வரும். இந்த வாரம் நம் வீட்டு கேட்டில் செருகியிருந்த நோட்டீஸில் ஈஃபில் கோபுரம். நீச்சல் குளத்துக்கும் குதிரையேற்றத்துக்கும் நடுவே, ‘ஆறாம் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி!’ சும்மா இருக்க முடியாமல் போன் போட்டோம். “ஜப்பானிய மொழிக்கு டீச்சர் யாரும்மா?”

தேன் தடவிய குரலில் பதில் வந்தது: “ஜூன்ல போட்டுருவோம் சார்!”

ஸ்கூல் பஸ் டிரைவரை இப்படிப் போட முடியுமா? லைசென்ஸ் கேட்பார்கள். குதிரைக்குக்கூட இந்நேரம் ஆள் பார்த்திருப்பார்கள். மொழி ஆசிரியர் மட்டும் முதல் மழைக்குக் காளான் மாதிரி ஜூனில் முளைத்துவிடுவார்.

முளைக்கவும் செய்கிறார். கல்லூரியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்த பி.காம் பட்டதாரியாக இருப்பார். பாவம், அவர் மேல் குற்றமில்லை. கொடுக்கிற சம்பளத்துக்கு அவர் வருவதே பெரிது. கரும்பலகையில் பிரெஞ்சு, வாயில் இங்கிலீஷ், கையில் பழைய வினாத்தாள் கட்டு. பிள்ளைகளும் மார்க்குக்காகத்தான் எடுக்கிறார்கள். இன்ஜினீயரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க் சேராது. அதனால் பிரெஞ்சு எடுத்தால் படிக்கிற நேரம் மிச்சம் என்று ஒரு கணக்கு. நூற்றுக்கு 98 வாங்கிய பிள்ளையைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய்த் தெருப் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். ‘ரூ’வைத் தாண்டாது வண்டி!

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இங்கே சட்டியே இல்லை, அகப்பைக்கு விளம்பரம்.

ஜெர்மனியில் பள்ளிக்கூடத்தில் மொழி சொல்லித்தர வேண்டுமானால், பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த கையோடு வகுப்புக்குள் நுழைந்துவிட முடியாது. ஒன்றரை, இரண்டு வருஷம் ஒரு பள்ளியில் மூத்த ஆசிரியரின் கண்பார்வையில் பாடம் நடத்திப் பழக வேண்டும். அதன் பிறகும் அரசுத் தேர்வு உண்டு. மொழி தெரிவது வேறு, அதைச் சொல்லித்தரத் தெரிவது வேறு என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நோட்டீஸ் அடித்த பள்ளியை மட்டும் திட்டி என்ன பயன்? 2020 தேசியக் கல்விக் கொள்கையும் கொரியன், தாய், போர்ச்சுகீஸ் என்று எட்டு வெளிநாட்டு மொழிகளை வரிசையாக அடுக்கியது. ஆசிரியர்? ஜூன்ல போட்டுருவோம்! 2014 நவம்பரில், வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே, கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனைத் தூக்கிவிட்டு சம்ஸ்கிருதம் என்றார்கள். எந்த மொழி என்று ஊரே சண்டை போட்டது. யார் சொல்லித்தருவார், அவருக்கு என்ன பயிற்சி என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. நம் மாநில ஆசிரியர் தகுதித் தேர்வின் மொழிப் பகுதியிலும் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது, ஆங்கிலம் உண்டு. பிரெஞ்சுக்கு இடமில்லை. பிரெஞ்சு வாத்தியாரை அளக்க நம்மிடம் அளவுகோலே கிடையாது.

எழுத வந்தது பிரெஞ்சைப் பற்றி. ஆனால் மனசு திருப்பூருக்குப் போகிறது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே நம் அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்தான் வெளிமொழி. நம் தமிழாசிரியரோ, வீட்டிலேயே தமிழ் பேசிவிட்டு வருகிற பிள்ளைக்குச் செய்யுளும் இலக்கணமும் நடத்தப் படித்தவர். ‘தண்ணி வேணும்’ என்று கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவர் திகைத்து நிற்கிறார். புது மொழியைக் கற்பிக்கும் வித்தையை பி.எட். படிப்பில் ஒழுங்காகச் சேர்த்தால் இந்தப் பிள்ளையும் பிழைக்கும், அந்த ஈஃபில் கோபுரத்துப் பிள்ளையும் பிழைக்கும். கல்வித்துறை இதை முதலில் செய்யட்டும்.

அதுவரை, பெற்றோர்களே, சேர்க்கைக்குப் போகும்போது கேளுங்கள்: “லாங்வேஜ் டீச்சர் யார்? எங்கே பயிற்சி எடுத்தார்?” ‘ஜூன்ல போட்டுருவோம்’ என்று பதில் வந்தால், ஃபீஸையும் ஜூனிலேயே கட்டுவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.