இருபத்தொரு நாள் ஊசி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

“நன்றாகத்தானே இருக்கிறாள், பிறகு எதற்கு ஊசி?” எங்கள் தெருவில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. என் தங்கைக்கு வயது 15. பன்னிரண்டு வயதில் அடிக்கடி தொண்டைவலி வந்தது. பிறகு காய்ச்சலுடன் முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால் வீங்கியது. ருமாட்டிக் காய்ச்சல் என்றும், இதய வால்வு ஒன்று சற்றே பழுதாகியிருக்கிறது என்றும் மருத்துவர் கூறினார். அன்று முதல் 21 நாளைக்கு ஒருமுறை பென்சத்தின் பென்சிலின் ஊசி.

தொண்டையில் தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அழிக்க உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. கிருமியின் சாயல் இதயத் திசுவிலும் இருப்பதால் அதனையும் அந்த எதிர்ப்பொருள் தாக்கிவிடுகிறது. அடுத்த தொண்டைப்புண் அடுத்த தாக்குதலாகலாம். ஊசி பழைய தழும்பை ஆற்றுவதில்லை. புதிய தழும்பு விழாமல் காக்கிறது. ஆகவே நோயில்லாத நாளில் போடுவதுதான் இந்த ஊசி! இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 10 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை போட வேண்டும். வால்வுப் பழுது நிலைத்துவிட்டால் 40 வயது வரைகூட நீளும்.

ஆன்டிபயாடிக்கை ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் கிருமி பழகிவிடாதா என்று வகுப்புத் தோழர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்த 1928 முதல் இன்றுவரை, இந்தக் கிருமி பென்சிலினை எதிர்த்து நிற்கக் கற்கவில்லை. சளிக்கு மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குபவரையும், நாள் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணையும் ஒரே தட்டில் வைப்பது அறிவியல் ஆகாது.

என் குறை வேறு. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இந்த ஊசியைப் போட மறுக்கிறார்கள். ஒவ்வாமை வந்தால் யார் பொறுப்பு என்கிறார்கள். அரிதாக அப்படி நேர்வதுண்டு, மறுக்கவில்லை. அட்ரினலினைக் கைவசம் வைத்துக்கொண்டு, ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பதுதானே அதற்கு வழி? நகரத்துக்கு அனுப்பிவிட்டால் ஆண்டுக்கு 17 முறை பஸ் ஏற வேண்டும். தங்கைக்கு 17 நாள் பள்ளி போகிறது, அம்மாவுக்கு 17 நாள் கூலி போகிறது. இத்தனைக்கும் பிறகு ஒரு முறை தவறினால், “படிப்பறிவில்லாதவர்கள்” என்ற பட்டம் வேறு.

பேராசிரியப் பெருமக்களே, நம் கல்லூரியிலும் இப்படி ஊசி போட்டுக்கொள்ளும் மாணவர் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்று கேட்காமல், ஆண்டுக்கு ஒரு கடிதத்தை ஏற்று வருகைப்பதிவு தந்தால் என்ன?

உறவினர்களோ, ஊசி விஷயத்தை வெளியே சொல்லாதே, நாளை பெண் கேட்டு வருவார்கள் என்கிறார்கள். (அவள் இன்னும் பத்தாம் வகுப்பே முடிக்கவில்லை!) இதை என்னால் ஏற்க முடியவில்லை. வால்வு சுருங்கிய பெண்ணுக்குக் கர்ப்பகாலத்தில் இதயத்தின் சுமை கூடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். மறைத்துக் கட்டிவைத்தால் பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கும் சேர்த்தல்லவா மறைத்ததாகும்? ஜாதகம் கொடுக்கும் நாளில் ஊசி அட்டையையும் சேர்த்தே கொடுப்போம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.